இரண்டாந்தரம் கேட்காத தேத்தண்ணி

ஆங்கிலம் படிப்பிக்க வந்த மேல்மாடிப் பிள்ளை எனக்காக ஒரு தரம்தான் கதிரையை இழுத்து வைத்தது.

"வாங்கம்மா, நீங்களும் உக்காருங்க. இவங்களோட சேர்ந்து நீங்களும் படிக்கலாமே," என்றது.

என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பிள்ளைகள் இருந்தார்கள். நாலு பேரும் ஏழாம் வகுப்பு. நான் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். மனதுக்குள் அந்தக் கதிரையில் அப்போதே இருந்துவிட்டேன். வாய் மட்டும், "ஐயோ வேண்டாம் பிள்ளை, எனக்கேன் உதெல்லாம்," என்று சொல்லிவிட்டது.

அது வாயின் பழக்கம். எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் முதல் தரம் கேட்டவுடனே வாங்கமாட்டார்கள். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டால், இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனான் என்பார்கள். இரண்டாந்தரம் கேட்டால், சும்மா கரைச்சல்படாதேங்கோ என்பார்கள். மூன்றாந்தரம் கேட்டால், சரி, அரைக் கோப்பை தாங்கோ. அந்த அரைக் கோப்பை நிரம்பித்தான் வரும் என்று கொடுப்பவருக்கும் தெரியும், குடிப்பவருக்கும் தெரியும். முதல் கேள்விக்கே ஓம் என்கிறவரை, பாவம், காய்ஞ்சு போய் வந்திருக்கிறார் என்று பிறகு குசினிக்குள் சிரிப்பார்கள்.

ஆகவே நான் வேண்டாம் என்றேன். தட்டை வைத்துவிட்டு, அவள் இன்னொரு தரம் கேட்பதற்கு இடம் விட்டு நின்றேன்.

"சரிங்கம்மா, உங்க இஷ்டம்," என்று அவள் கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டாள்.

ஜெர்மனியில் ஹம் நகரத்தில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட, கீழ் மாடியில் என் வீடு. அந்தப் பிள்ளை எனக்கு மேல் மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, ஒரு கம்பனியில் எஞ்சினியர். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு டொச், இந்த நாட்டு ஜெர்மன் பாஷை, தண்ணீர்பட்ட பாடு. வீட்டில் பேசுகிற தமிழும் ஏதோ ஓடும். ஆங்கிலத்தில்தான் பள்ளிக்கூடச் சோதனைகளில் விழுந்துகொண்டிருந்தார்கள். தாய் தகப்பன்மாருக்குச் சனிக்கிழமையிலும் வேலை. மேல்மாடிப் பிள்ளையிடம் போய்க் கேட்டார்கள். அவள் ஓம் என்றாள், ஆனால் அவளுடைய அறையில் நாலு பேர் நிற்கவே இடமில்லை. என்னிடம் பெரிய மேசை இருந்தது. முன்பு இந்த வீட்டில் இருந்த ஜெர்மன்காரப் பெண் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன மேசை. அப்படித்தான் சனிக்கிழமை முற்பகல்களில் ஆங்கிலம் என் வீட்டுக்குள் வந்தது.

முதல் நாள் நான் அவளிடம், "கதிரையில இருங்கோ பிள்ளை," என்று சொன்னேன்.

"எதுலம்மா?" என்று சுற்றிப் பார்த்தாள்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அக்கா, சேர்! சேரைத்தான் சொல்லுறா!"

"அட, கதிரையா! எங்க ஊர்ல கதிர்னா வயல்ல இருக்கும்."

"எங்கட கதிரைக்குக் கால் இருக்கு அக்கா," என்றாள் சுருட்டை முடிக்காரி. நாலு பேரில் வாய் கூடியவள் அவள்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழ் எழுத வாசிக்கத் தெரியும், மெதுவாக. டொச் என்றால் முதியோர் இல்லத்துக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு பொறுக்கிய டொச். சூடு, குளிர், முடிஞ்சுது, நாளைக்கு. ஆங்கிலம் ஒன்றும் இல்லை. இல்லாமலே இவ்வளவு காலமும் போயிற்று. பிறகு ஏன் அந்தக் கதிரையில் அவ்வளவு ஆசை என்று கேட்டால், அது என் மருமகளால் வந்த ஆசை.

என் மகன் இங்கே படித்து, வேலை கிடைத்து இங்கிலாந்துக்குப் போனவன். அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைக் கட்டினான். பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை செய்கிற அமைதியான பிள்ளை. அவளுக்குத் தமிழும் தெரியாது, டொச்சும் தெரியாது. முதல் தரம் வந்தபோது எதைக் கொடுத்தாலும் முதல் கேள்விக்கே, "யெஸ், தேங்க் யூ" என்று வாங்கிக்கொண்டாள். வந்திருந்த சொந்தக்காரர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகன் அதைக் கண்டுவிட்டு அவளுடைய காதில் ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். அடுத்த வருசம் வந்தபோது வடைத் தட்டை நீட்டினேன். தலையை ஆட்டி, "நோ, தேங்க் யூ" என்றாள். திரும்பவும் நீட்டினேன். "நோ, நோ." கண் சிரித்தது. மூன்றாந்தரம் நீட்டியதும் வடையை எடுத்துக்கொண்டு, சோதனையில் பாஸ் பண்ணின பிள்ளை போல என்னைப் பார்த்தாள். நானும் சிரித்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வருகையிலும் இரண்டு பேரும் இதைத்தான் செய்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே பாஷை அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி வரும். மருமகள் முதலில், "ஹலோ, அம்மா" என்பாள். நான், "ஹலோ, ஹலோ" என்பேன். பிறகு மகன் வாங்கிப் பேசுவான். அந்த வருசம் அவனுடைய பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சுகமோ என்றால், "ஓமம்மா." சாப்பிட்டியோ, "ஓமம்மா." ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்றால், "ஒண்டுமில்லையம்மா, வேலை." தாய்க்குக் காது இருக்கிறது. அங்கே ஏதோ சரியில்லை. அதை மருமகளிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் நான் சொல்வதை அவளுக்கு மொழிபெயர்க்க இருப்பது மகன். மகனை நடுவில் வைத்துக்கொண்டு மகனைப் பற்றி எப்படிக் கேட்பது?

கைத்தொலைபேசியில் பேசினால் அதுவே மாற்றிச் சொல்லும் என்று சுருட்டை முடிக்காரி ஒரு நாள் காட்டினாள். நான் பேசியதை அது வேறு என்னவோ ஆக்கி, பிள்ளைகளுக்கு வயிறு நோகச் சிரிப்பு. என்னுடைய தமிழ் அதற்குப் பிடிபடவில்லை. அதோடு, மனம் நொந்து நிற்கிற ஒருத்தியின் முகத்துக்கு நேரே அதை நீட்ட என்னால் ஏலாது.

மருமகளோடு இரண்டு வார்த்தை தனியாகப் பேசவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கான கதிரை என் சொந்த வீட்டில், என் சொந்த மேசைக்குக் கீழே தள்ளிக் கிடந்தது.

நான் குசினிக் கதவை முழுக்கச் சாத்தாமல் விட்டுப் படித்தேன். அதைப் படிப்பு என்று சொல்ல முடியாது. வெங்காயம் வெட்டுகிற சத்தத்தில் பாதி போய்விடும்.

அவள் படிப்பிக்கிற விதம் எனக்குப் பிடிக்கும். பழைய பாடத்தைத் திருப்புவதென்றால் புத்தகத்தைத் திறக்கச் சொல்லமாட்டாள். சின்னச் சின்ன மஞ்சள் தாளில் சொற்களை எழுதவைத்து, வீடு முழுக்க ஒட்டவைப்பாள். எழுத்துக்கூட்டிச் சொன்ன பிறகுதான் ஒட்டலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கைதட்டு. என் அலுமாரி, யன்னல், லாச்சி, பால்போத்தல் எல்லாவற்றிலும் ஆங்கிலம் ஏறியது. தண்ணீர் கொதிக்கவைக்கிற "கேத்தில்" என்பது ஆங்கிலச் சொல் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரியாமலே ஒரு சொல் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று சின்னச் சந்தோசம். வகுப்பு முடிந்ததும் தாள்களைக் கழற்ற வந்த பிள்ளைகளிடம், "இருக்கட்டும் மோனை, பிறகு நான் கழட்டிறன்," என்றேன். கழற்றவில்லை.

ஒரு நாள் கத்திக்கு ஆங்கிலத்தில் நைஃப் என்று எழுத்துக்கூட்டினார்கள். முதல் எழுத்துக்குச் சத்தமே இல்லையாம்.

"அப்ப ஏன் அக்கா அது அங்க நிக்குது?" என்றான் கண்ணாடி போட்ட பெடியன்.

"அது சைலண்ட் லெட்டர்டா. இருக்கும், ஆனா பேசாது."

"அம்மம்மா மாதிரி!" என்றாள் சுருட்டை முடிக்காரி.

பிள்ளைகள் என்னை அம்மம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மேசையில் சிரிப்பு. குசினிக்குள் எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த பிறகு மெல்லச் சுட்டது.

"ஏய்! மெதுவா. உவமை சூப்பர், ஆனா போய் மன்னிப்புக் கேளு," என்றாள் அந்தப் பிள்ளை. மற்றவர்களுக்கு அதையே பாடமாக்கினாள். "பாத்தீங்களா, அவ மாதிரின்னு சொன்னா இல்ல? அதுதான் இங்கிலீஷ்ல லைக். லைக் வந்தா பின்னாடியே ஒரு ஒப்பீடு வருதுன்னு அர்த்தம். காதைத் தீட்டிக்கோங்க."

சுருட்டை முடிக்காரி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சொறி அம்மம்மா" என்றாள். அவளுக்கு ஒரு வடை கொடுத்தேன். முதல் தரமே வாங்கினாள். இங்கே பிறந்த பிள்ளைகள் அப்படித்தான்.

உருவகம், உவமை, மரபுத்தொடர் என்று பிறகு சில வாரம் அதுதான் நடந்தது. இங்கிலீசில் மழை நாயும் பூனையுமாகப் பெய்யுமாம்.

"டொச்சில கயிறு கயிறாப் பெய்யும்," என்றான் பெடியன்.

"தமிழ்ல?"

ஒருவருக்கும் தெரியவில்லை. குசினியைப் பார்த்து, "அம்மம்மா, தமிழில?" என்று கத்தினார்கள். எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் தெரியும், எனக்காகத்தான் விட்டுக்கொடுத்தாள். தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு, "தெரியேல்லை மோனை" என்றேன்.

"பேய் மழைன்னு சொல்லுவோம்," என்றாள் அவள் கடைசியில்.

"நாய், கயிறு, பேய். தமிழில மழை பெய்தா வெளிய போக ஏலாது," என்றான் பெடியன்.

சுலபமான வேலைக்கு இங்கிலீசில் கேக் துண்டு, நம்மவர்க்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று அவள் சொல்லிவிட்டு, "ஆனா அல்வா குடுத்துட்டான்னா ஏமாத்திட்டான்னு அர்த்தம், கவனம்," என்று சொல்ல, அன்றைக்கு முழுக்க அவர்கள் ஒருவருக்கொருவர் அல்வா கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான், மரியாதையாகக் கேட்பதும் மறுப்பதும் எப்படி என்ற பாடம் வந்தது. வுட் யூ லைக் என்று தொடங்க வேண்டும். வேண்டாம் என்றால் நோ, தேங்க் யூ.

"ஒரு தடவ நோ தேங்க்யூன்னு சொல்லிட்டாங்கன்னா அதோட விட்டுரணும். திரும்பத் திரும்பக் கேட்டா அவங்களுக்குத் தொந்தரவு. நோன்னா நோ," என்றாள்.

"அப்ப எங்கட அம்மா உலகத்தையே தொந்தரவு செய்யிறா," என்றாள் சுருட்டை முடிக்காரி.

நான் கையைத் துடைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். கதிரை ஏன் இரண்டாந்தரம் இழுபடவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அவள் என்னை மறக்கவில்லை. என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். இந்தப் பாடத்தை நான் நன்றாக மனதில் வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், அந்த வகுப்பில் நான் முழுதாகப் படித்த பாடம் அது ஒன்றுதான்.

ஈஸ்டர் விடுமுறைக்கு மகனும் மருமகளும் வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே சோபாவில் இரண்டு கரையில் இருந்தார்கள். மகன் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் காலை அவன் பாண் வாங்கக் கடைக்குப் போனான். நான் குசினியில் நின்றேன். மருமகள் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. மஞ்சள் தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். கேத்திலில் இருந்த தாளைக் கண்டு கொஞ்சம் சிரித்தாள். கதைக்க வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. இதற்குத்தானே காத்திருந்தேன்.

"ரீ?" என்று தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டிக் கேட்டேன்.

"நோ, தேங்க் யூ, அம்மா."

வாயில் இரண்டாந்தரம் வந்துவிட்டது. அதைப் பிடித்து நிறுத்தினேன். இவள் ஆங்கிலப் பிள்ளை. நொந்துபோய் நிற்கிறாள். நோ என்றால் நோ. தொந்தரவு செய்யக்கூடாது. மற்ற நாட்களில் விளையாட்டு, இன்றைக்கு அவளுடைய முறைப்படி மரியாதை செய்வோம் என்று நினைத்தேன். படித்ததை ஒரு தரமாவது சரியாகச் செய்கிறேன் என்ற பெருமையும் உள்ளே இருந்தது. என்னுடைய கோப்பையை மட்டும் எடுத்து ஊற்றினேன்.

அவள் கொஞ்ச நேரம் என் கையையும் கேத்திலையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நின்றபடியே, மெதுவாக, ஒரு வசனம் சொன்னாள். "ஹி இஸ் லைக்" என்று தொடங்கியது. ஹி என்றால் அவன். லைக் என்றதும் ஓர் ஒப்பீடு வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. காதைத் தீட்டிக்கொண்டேன். வந்தது. எதைப் போல என்றுதான் தெரியவில்லை.

"யெஸ், யெஸ்," என்றேன். வேறு என்ன சொல்ல.

அவள் என் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். வெளியே மகனின் செருப்புச் சத்தம் கேட்டது.

எதைப் போல? கல்லைப் போலவா, அந்நியனைப் போலவா, வருத்தக்காரனை, நோயாளியைப் போலவா? அந்தச் சொல்லைப் பிடித்து வைத்திருந்தால் சனிக்கிழமை பிள்ளைகளிடமாவது கேட்டிருப்பேன். எனக்குள் இருந்தது வெறும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு எழுத்துக்கூட்ட எனக்குத் தெரியாது. நாளாக ஆக அந்தச் சத்தமும் தேய்ந்துவிட்டது.

கோடையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட றிப்போட் வந்தது. நாலு பேரும் ஆங்கிலத்தில் தப்பிவிட்டார்கள். சுருட்டை முடிக்காரி நல்ல புள்ளியே எடுத்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கு டார்ம்ஸ்டாட்டில் வேறு வேலை கிடைத்து, வீட்டைக் காலி செய்தாள். சாவியைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, உங்களுக்கு நான் ஏதாவது பண்ணணுமா?" என்று கேட்டாள்.

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை. சுகமாப் போட்டு வாங்கோ," என்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். இரண்டாந்தரம் கேட்கவில்லை. கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இலை கொட்டுகிற காலத்தில் மகன் தொலைபேசியில் சொன்னான்.

"அம்மா, நாங்கள் இப்ப தனித்தனியத்தான் இருக்கிறம்."

"ஏன் ராசா? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை அம்மா. அதுதான் பிரச்சினை எண்டு அவ சொல்லுறா."

பிறகு, வேறு ஏதோ நினைவு வந்தவன் போல, "ஈஸ்டருக்கு வந்திட்டுப் போகேக்கை பிளேனில சொன்னவ, அம்மா இந்தமுறை எனக்கு ரெண்டாந்தரம் தேத்தண்ணி கேக்கேல்லை எண்டு. உங்களுக்கு அவவில கோவமோ எண்டு கேட்டவ," என்றான்.

"நீ என்ன சொன்னனீ?"

"தெரியாது எண்டு சொன்னன்."

தெரியாது என்று சொல்லியிருக்கிறான். அவனுக்கும் என் வாய்தான்.

நான் இரண்டாந்தரம் கேட்டிருந்தால் அவர்கள் பிரிந்திருக்கமாட்டார்கள் என்று சொல்ல நான் அவ்வளவு மொக்கு இல்லை. ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு அந்தப் பலம் கிடையாது. ஆனால் அவள் ஒரு கதிரையில் இருந்திருப்பாள். இருந்து அழுதிருப்பாள். இந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டு பிளேன் ஏறியிருக்கமாட்டாள். அவள் எங்கள் முறைப்படி வேண்டாம் என்றாள். நான் அவளுடைய முறைப்படி விட்டுவிட்டேன். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் நடந்தோம்.

தைப்பொங்கலுக்கு டார்ம்ஸ்டாட்டிலிருந்து அந்தப் பிள்ளை வாழ்த்துச் சொல்லத் தொலைபேசி எடுத்தாள். கடைசியில் வழமைபோல, "ஏதாவது வேணுமாம்மா?" என்றாள்.

"ஒண்டும் வேண்டாம்" என்று தொடங்கிய வாயைக் கையால் பொத்தினேன். "ஓம் பிள்ளை," என்றேன். "ஒண்டு வேணும்."

அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ எண்டு இங்கிலீசில முழுசாக் கேக்கிறது எப்பிடி? எனக்கு மெதுவாச் சொல்லித் தாங்கோ."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. தன் குரலில் மெதுவாகச் சொல்லிப் பதிந்து அனுப்பினாள். அதைக் குசினியில் வைத்துக் கேட்டுக் கேட்டு, கேத்திலுக்குச் சொல்லிப் பழகினேன். தமிழ் எழுத்தில் எழுதியும் வைத்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாக மருமகளுக்கு எடுத்தேன். அவளை இப்போது அப்படிச் சொல்லலாமோ தெரியாது. எனக்கு வேறு சொல் இல்லை.

"ஹலோ? அம்மா?" குரல் பதறியது. மகனுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்திருப்பாள்.

"வுட் யூ லைக் சம் ரீ?" என்றேன்.

பிறகு சிரிப்போ அழுகையோ, இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு.

"நோ, தேங்க் யூ, அம்மா."

"வுட் யூ லைக் சம் ரீ?" என்றேன் திரும்பவும். ஈஸ்டரில் கேட்டதையும் சேர்த்தால் இது மூன்றாந்தரம்.

"யெஸ்," என்றாள். "யெஸ், ப்ளீஸ்."

அதன் பிறகு அவள் கதைத்தாள். நீளமாக, மெதுவாக, நான் விளங்கிக்கொள்வேன் என்றோ, விளங்காது என்பதாலேயோ, எல்லாவற்றையும் சொன்னாள். நான் அந்தக் கதிரையை இழுத்து அதில் இருந்துகொண்டு கேட்டேன். யெஸ், யெஸ் என்று சொல்லவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் லைக் வந்தது. இரண்டு தரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எதைப் போல என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.